பீப் சத்தத்துக்கும் பதிலுக்கும் இடையில்: வெளியூர்க் களஞ்சியங்களில் ஸ்கேனர்கள் ஏன் தாமதிக்கின்றன?

கொழும்பிலுள்ள ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்வது எனது தொழில். பிரதான களஞ்சியம் கொழும்புக்குச் சற்று வெளியே இருக்கிறது. அதைவிட வெளியூர்களில் நான்கு சிறிய களஞ்சியங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று அம்பாறை மாவட்டத்தில், வயல்களுக்கு நடுவே, முன்னர் நெல் ஸ்டோராக இருந்த ஒரு பழைய கட்டடம். இன்றும் அதன் ஒரு பாதியில் அரிசி மூட்டைகள்தான். கடந்த நோன்புப் பெருநாளுக்கு இரண்டு கிழமைகள் இருக்கும்போது அங்கிருந்து மனேஜர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஸ்டொக் கணக்குப் பொருந்துதில்ல தம்பி. கொம்பியூட்டர்ல இருக்கிற சாமான் றாக்கையில இல்ல. ஸ்கேன் பண்றது ஒரே பொடியன்தான். எனக்கு அவன்ல சந்தேகம். கேட்டா மெஷின் ஸ்லோ எண்டு சொல்றான்."

அன்றிரவு தராவீஹ் முடிந்து வந்து, கொழும்பில் இருந்தபடியே அந்தக் களஞ்சியத்தின் ரவுட்டருக்கு நூறு தடவை 'பிங்' அனுப்பிப் பார்த்தேன். பிங் என்பது "இருக்கிறாயா?" என்று கேட்டு, "இருக்கிறேன்" என்ற பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் சிறிய கருவி. 1983இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. இன்றும் எங்கள் தொழிலில் முதலில் கையிலெடுப்பது அதைத்தான். சராசரியாக 45 மில்லிசெக்கனில் பதில் வந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. 'வலையமைப்பில் பிழை எதுவும் இல்லை' என்று இரண்டு வரியில் அறிக்கை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

நான்கு நாட்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது, அந்த இரண்டு வரியை அச்செடுத்து அந்தத் தம்பியின் முன்னால் வைத்திருக்கிறார்கள் என்று. பெருநாளோடு அவரை நிறுத்துவதாக முடிவு. என் கையெழுத்து அதற்குச் சாட்சி. மனம் கேட்கவில்லை. அடுத்த நாள் ஸஹர் செய்துவிட்டு அம்பாறைக்குப் புறப்பட்டேன்.

நமது ஊர்களில் இப்போது மொத்தக் கடைகள், மருந்தகங்கள், சுப்பர் மார்க்கட்டுகள் என்று எங்கும் கையடக்க ஸ்கேனர்கள் வந்துவிட்டன. அவை தாமதிக்கும்போது எங்கே தேட வேண்டும் என்பது முதலாளிமாருக்கும் தெரிவதில்லை, வேலை செய்பவர்களுக்கும் தெரிவதில்லை. அந்தப் பயணத்தில் கண்டதை வைத்து அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பார்கோட்டில் என்ன இருக்கிறது?

பார்கோட்டைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான நோர்மன் ஜோசப் வுட்லண்ட், மியாமி கடற்கரை மணலில் விரல்களால் கோடு இழுத்தபோது அந்த எண்ணம் பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார். மோர்ஸ் குறியீட்டின் புள்ளிகளையும் கோடுகளையும் கீழ்நோக்கி நீட்டினால் தடித்த, மெல்லிய கோடுகள் கிடைக்கும் அல்லவா? அவரும் பேர்னார்ட் சில்வரும் 1952இல் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் கடையொன்றில் இன்றைய வடிவிலான பார்கோட் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது 1974 ஜூன் 26ஆம் திகதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்ரோய் என்ற ஊரில். பொருள், ஒரு சூயிங்கம் பெட்டி.

அந்தக் கோடுகளுக்குள் இருப்பது ஓர் எண் மட்டுமே. பெயர், விலை, காலாவதித் திகதி, எங்கே செய்யப்பட்டது என்பது எதுவும் சாதாரணப் பொருட்களின் பார்கோட்டில் இல்லை. 479 என்று தொடங்கினால் அந்த எண் இலங்கையில் பதிவு செய்யப்பட்டது என்று அர்த்தம். பொருள் இங்கே உற்பத்தியானது என்று அர்த்தமல்ல. 729 என்று தொடங்குவது இஸ்ரேலில் பதிவான எண். பகிஷ்கரிப்புக் காலங்களில் இந்த மூன்று இலக்கங்களை மட்டும் பார்த்துப் பொருளைத் தீர்மானிப்பவர்கள் இதையும் மனதில் வைப்பது நல்லது. வேறு நாட்டில் எண் பதிவு செய்த கம்பனி எந்த நாட்டிலும் உற்பத்தி செய்யலாம்.

நமது விடயத்துக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான். எண்ணை வாசிப்பது ஸ்கேனரின் வேலை. வாசித்தவுடன் 'பீப்' என்று சத்தமிடுவதும் அதுவே. ஆனால் அந்த எண் எந்தப் பொருள், எத்தனை இருக்கிறது, இப்போது ஒன்று கூடியதா குறைந்ததா என்பதெல்லாம் கொழும்பிலுள்ள சேர்வருக்குத்தான் தெரியும். பீப் சத்தம் 'வாசித்துவிட்டேன்' என்று சொல்கிறதே தவிர, 'பதிந்துவிட்டேன்' என்று சொல்வதில்லை. இரண்டுக்கும் இடையில் ஒரு நீண்ட பாதை இருக்கிறது.

களஞ்சியத்தில் அந்தத் தம்பியிடம் என்ன நடக்கிறதென்று கேட்டேன். பயத்தோடுதான் பேசினார்.

"அமத்தினா சத்தம் வருது காக்கா. ஆனா திரையில பேர் வருதில்ல. பாத்துக்கிட்டே நிக்கிறன். வரல்லண்டு திரும்ப அமத்துறன். லொறிக்காரன் ஏசுறான், என்ன செய்ற?"

கணினியின் வேகத்தை மனிதர் எப்படி உணர்கிறார்கள் என்பது பற்றி 1960களிலிருந்தே எழுதியிருக்கிறார்கள். பத்தில் ஒரு செக்கனுக்குள் பதில் வந்தால் உடனே வந்ததாகத் தோன்றும். ஒரு செக்கன் வரை நினைவு தடைப்படாது. அதற்கு மேல் போனால் கை தானாகத் திரும்ப அமர்த்தும். அது அந்தத் தம்பியின் பிழையல்ல. நீங்களும் நானும் லிப்ட் பொத்தானை அப்படித்தான் அமர்த்துகிறோம்.

பாதையை மூன்றாகப் பிரித்தல்

'நெட் ஸ்லோ' என்று சொல்வது 'உடம்புக்குச் சரியில்லை' என்று சொல்வது போன்றது. மருந்து கொடுக்க அது போதாது. ஸ்கேனரிலிருந்து சேர்வர் வரையுள்ள பாதையை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஸ்கேனரிலிருந்து கூரையில் பொருத்திய வைஃபை பெட்டி வரை முதலாவது. களஞ்சியத்திலிருந்து கொழும்பு வரை இரண்டாவது. சேர்வருக்குள் ஓடும் புரோகிராம் மூன்றாவது. ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். நான் கொழும்பிலிருந்து அனுப்பிய பிங் இரண்டாவது துண்டை மட்டுமே தொட்டது. அதுவும் வேலை நடக்காத இரவு நேரத்தில்.

முதலாவது: காற்று

வைஃபையில் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மஷூறாவில் ஒருவர் பேசி முடியும்வரை மற்றவர்கள் காத்திருப்பதுபோல. பேசுபவர் வேகமாகப் பேசினால் பரவாயில்லை. இழுத்து இழுத்துப் பேசினால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். சிக்னல் நன்றாக உள்ள சாதனம் 1,500 பைட் தகவலை செக்கனுக்கு 54 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் கால் மில்லிசெக்கன்கூட ஆகாது. சிக்னல் கெட்டு, மிகப் பழைய வேகமான 1 மெகாபிட்டுக்கு இறங்கினால் அதே தகவலுக்கு 12 மில்லிசெக்கன். தூரத்து மூலையில் நிற்கும் ஒரு ஸ்கேனர் மற்ற எல்லா ஸ்கேனர்களையும் பிந்த வைப்பது இப்படித்தான்.

அந்தக் களஞ்சியத்தில் வைஃபை பெட்டி ஒன்றே ஒன்று, முன்னாலுள்ள ஒபிஸ் அறையில். ஸ்கேன் நடக்கும் இடமோ பின்பக்கம், லொறி வந்து நிற்கும் வாசலடியில். இடையில் கூரை உயரத்துக்கு அரிசி மூட்டைகள். தண்ணீர் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைகளை உறிஞ்சும். காய்ந்த அரிசியிலும் நூற்றுக்கு பன்னிரண்டு, பதினான்கு பங்கு ஈரம் உண்டு. பத்து வரிசை மூட்டை ஒரு சுவரைவிட மோசம். பெரும்போக அறுவடை முடிந்து ஸ்டோர் நிரம்பும்போது சிக்னல் விழும். மூட்டைகள் போனதும் தானாகவே சரியாகும். "சில மாசம் நல்லா வேல செய்யும், சில மாசம் செய்யா" என்று அங்குள்ளவர்கள் சொன்னது வெறும் பேச்சல்ல. வெற்றுக் களஞ்சியத்தில் வைஃபை பரிசோதித்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

காற்றில் பார்க்க வேண்டியவை இன்னும் மூன்று உண்டு. ஒன்று, அலைவரிசை எண். 2.4 கிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை. அக்கம்பக்கத்துக் கடைகளின் பெட்டிகளும் உங்களுடையதும் ஒரே எண்ணில் இருந்தால் எல்லோரும் ஒரே மஷூறாவில் இருப்பது போலத்தான். இடையிலுள்ள 3, 4 போன்ற எண்களைத் தெரிவது அதைவிட மோசம். பக்கத்து அறைப் பேச்சு இரைச்சலாகக் கேட்பது போன்றது.

இரண்டாவது, ஒட்டிக்கொள்ளும் பழக்கம். எந்தப் பெட்டியோடு இணைவது என்று தீர்மானிப்பது ஸ்கேனர்தான், பெட்டியல்ல. பல பெட்டிகள் உள்ள பெரிய களஞ்சியத்தில் ஸ்கேனர் பழைய பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு நடக்கும். சிக்னல் முற்றாக விழுந்த பிறகுதான் கையை விடும். விட்டதும் கடவுச்சொல் சரிபார்ப்பு கொழும்புவரை போய் வரவேண்டியிருந்தால் அந்த நேரமும் சேரும்.

மூன்றாவது, தூக்கம். பற்றரியை மிச்சப்படுத்த ஸ்கேனர் அடிக்கடி உறங்கும். வைஃபை பெட்டி வழமையாக 102.4 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை அறிவிப்பொன்றை விடுகிறது. ஒவ்வொரு மூன்றாவது அறிவிப்புக்கும் மட்டும் கண் விழிக்கும்படி சாதனம் இருந்தால், வந்த பதில் 300 மில்லிசெக்கன் வரை வாசலில் காத்து நிற்கலாம். இதைக் குறைத்தால் பற்றரி சீக்கிரம் இறங்கும். எது வேண்டும் என்பதை முதலாளிதான் தீர்மானிக்க வேண்டும்.

வாசலடியில் நின்று ஒபிஸ் அறை ரவுட்டருக்கே பிங் அனுப்பினேன். ஐந்து மில்லிசெக்கனுக்குள் வர வேண்டியது 20க்கும் 400க்கும் இடையில் துள்ளியது. ஆனால் தம்பி சொன்ன நான்கைந்து செக்கன் தாமதத்துக்கு இது போதாது.

இரண்டாவது: ஊரிலிருந்து கொழும்புக்கு

தூரம் பெரிய காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. 400 கிலோமீற்றர் இழையில் போய்த் திரும்ப 4 மில்லிசெக்கன் போதும். 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதி வழியாகப் போனால் மட்டும் கதை வேறு. அங்கே போய்த் திரும்ப எப்படியும் அரை செக்கன் பிடிக்கும். எவராலும் அதைக் குறைக்க முடியாது. எங்கள் களஞ்சியத்தில் இருப்பது நான்காம் தலைமுறை கைப்பேசி வலையமைப்பு ரவுட்டர். அதற்கு 45 மில்லிசெக்கன் நியாயமான அளவு.

காலை பத்து மணிக்கு, லொறி இறக்கும் நேரத்தில், அதே பிங்கை மீண்டும் ஓடவிட்டேன். 50 வந்தது. பிறகு 900. பிறகு 2,300. 3,800 வரை போய், பத்து நிமிடத்தில் திரும்பவும் 50க்கு வந்தது. அரை மணித்தியாலத்தில் மீண்டும் ஏறியது.

இது வரிசையில் நிற்பதால் வரும் தாமதம். ரவுட்டருக்குள் வெளியே போகும் தகவல் காத்திருக்க ஓர் இடம் உண்டு. அது பெரிதாக இருந்தால் நல்லது என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே போகும் வேகம் செக்கனுக்கு 2 மெகாபிட். வரிசையில் 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட் நிற்கிறது. கடைசியில் வந்து சேர்ந்த சிறிய ஸ்கேனர் தகவல் 4 செக்கன் காத்திருக்க வேண்டும். பல நூறு மூட்டை ஏற்றிய லொறிகளுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் நிற்பதுபோல. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியியலாளர் தன் வீட்டு இணைய இணைப்பிலேயே இதைக் கண்டு 2010ஆம் ஆண்டளவில் உலகுக்கு எடுத்துச் சொன்னார். இணைப்பு அறுவதில்லை, தகவல் தொலைவதில்லை. அதனால் யாரும் இதைப் பிழையாகவே கருதுவதில்லை.

அந்த லொறிகளை அனுப்புவது யார் என்று தேடினேன். கெமராக்கள். சாமான் களவு போகிறதா என்று பார்க்க, முந்திய வருடம் அந்தக் களஞ்சியத்தில் நான்கு கெமராக்கள் பொருத்தினோம். அசைவு கண்டால் அந்தக் காட்சியைக் கொழும்புக்கு உடனே அனுப்பும்படி அமைத்திருந்தது. லொறி வந்து ஆட்கள் நடமாடும்போதுதான் அசைவு அதிகம். ஸ்கேன் நடப்பதும் அப்போதுதான். இரவில் அசைவே இல்லை. ஆகவே என் இரவுப் பிங்கில் ஒன்றுமே தெரியவில்லை.

கெமராக்களை அப்படி அமைத்துக் கொடுத்தவன் நான்தான்.

மூன்றாவது: புரோகிராம்

ஒரு ஸ்கேனுக்கு ஒரு கேள்வி, ஒரு பதில் என்று இருந்தால் 45 மில்லிசெக்கன் தாமதம் யாருக்கும் தெரியாது. ஆனால் பல பழைய களஞ்சியப் புரோகிராம்கள் ஒரே கட்டடத்துக்குள் ஓடுவதற்காக எழுதப்பட்டவை. பெயர் என்ன, அலகு என்ன, எந்த றாக்கை, அனுமதி உண்டா என்று ஒவ்வொன்றாகப் போய் வரும். பன்னிரண்டு தடவை போய்வந்தால் 45 மில்லிசெக்கன் அரைச் செக்கனைத் தாண்டிவிடும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்கும்படி மாற்றுவதே இதற்கு மருந்து. இணைய வேகத்தைக் காசு கொடுத்துக் கூட்டினாலும் பலன் குறைவு.

தாமதத்தின் அளவே சில நேரம் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் சரியாக 5 செக்கன் என்றால், பெயரை ஐபி எண்ணாக மாற்றும் சேர்வர்களில் ஒன்று பதில் சொல்லாமல் இருக்கக்கூடும். பல கணினிகள் அடுத்ததைக் கேட்பதற்குமுன் காத்திருக்கும் நேரம் அது. 200 மில்லிசெக்கன் படிப்படியாகக் கூடினால், சிறிய தகவல்களைச் சேர்த்து அனுப்பும் பழைய ஏற்பாடு ஒன்றும், பெற்றுக்கொண்டதைப் பிந்தி அறிவிக்கும் இன்னொரு ஏற்பாடும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. எங்களுடையது இரண்டுமல்ல. ஏறி இறங்கும் தாமதம். அது வரிசையின் அடையாளம்.

கணக்குப் பிழைத்தது எப்படி?

தாமதம் தொல்லை, சரி. சாமான் எப்படிக் குறையும்?

தம்பி ஒரு பெட்டியை ஸ்கேன் செய்கிறார். பீப். தகவல் ரவுட்டர் வரிசையில் நிற்கிறது. திரையில் ஒன்றும் இல்லை. நான்கு செக்கன் பொறுத்து மீண்டும் அமர்த்துகிறார். பீப். இரண்டு தகவல்களும் பிந்தியாவது கொழும்பு போய்ச் சேர்கின்றன. சேர்வர் நேர்மையாக இரண்டு பெட்டி வந்ததாக எழுதிக்கொள்கிறது. வந்ததோ ஒன்று. மாத முடிவில் எண்ணும்போது ஒன்று 'குறைகிறது'.

அன்று பின்னேரம் சேர்வரின் பதிவேட்டைத் திறந்து, ஒரே ஸ்கேனரிலிருந்து ஒரே பொருள் பத்துச் செக்கனுக்குள் இரண்டு தடவை வந்த இடங்களைத் தேடினேன். குறைவாகக் காட்டிய 41 பெட்டிகளில் 38க்கு அப்படி இரட்டைப் பதிவு இருந்தது. ஒவ்வொன்றும் கெமராக் காட்சிகள் போய்க்கொண்டிருந்த நேரம். மீதி மூன்றும் சேதமான சாமான் மூலையில் கிடந்தன. மனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அஸருக்கு எழுந்தார்.

நாங்கள் செய்த திருத்தங்கள் பெரியவை அல்ல. கெமராக் காட்சிகளை அங்கேயே சேமித்து, இரவு பன்னிரண்டுக்குப் பிறகு மட்டும் அனுப்பும்படி மாற்றினேன். ரவுட்டரில் ஸ்கேனர் தகவலுக்கு முன்னுரிமை கொடுத்து, வெளியே போகும் வேகத்தை உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து வைத்தேன். அப்படி வைத்தால் நீண்ட வரிசை உருவாகாது. பின்வாசலுக்கு மேலே இரண்டாவது வைஃபை பெட்டி ஒன்று போட்டோம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் இரண்டாவது தடவை வந்தால் சேர்வர் புறக்கணிக்கும்படி புரோகிராம் எழுதுபவர்களைக் கேட்டுக்கொண்டேன். பதில் வரும்வரை திரையில் 'பொறுங்கள்' என்று காட்டி, பொத்தானைப் பூட்டும்படியும் சொன்னேன். வலையமைப்பு நாளைக்கு வேறு காரணத்தால் தாமதித்தாலும் கணக்குப் பிழைக்காமல் இருக்க இவை இரண்டும் வேண்டும்.

உங்கள் கடையில் இப்படி நடந்தால்

முதலில், பிரச்சினை நடக்கும் நேரத்தில், நடக்கும் இடத்தில் நின்று அளவுங்கள். ஸ்கேனர் நிற்கும் இடத்திலிருந்து உள்ளூர் ரவுட்டருக்கு ஒரு பிங், சேர்வருக்கு ஒரு பிங் என இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். முதலாவது துள்ளினால் காற்றைப் பாருங்கள். முதலாவது அமைதியாக இருந்து இரண்டாவது துள்ளினால் வெளி இணைப்பைப் பாருங்கள். இரண்டும் அமைதி, திரை மட்டும் பிந்துகிறது என்றால் புரோகிராமைப் பாருங்கள்.

இரண்டாவது, சராசரியை நம்பாதீர்கள். நூறில் தொண்ணூற்றைந்து தடவை 50 மில்லிசெக்கனும் ஐந்து தடவை 4 செக்கனும் வந்தால் சராசரி கால் செக்கனுக்குக் கீழேதான். கணக்கைக் கெடுப்பது அந்த ஐந்துதான். ஆகக்கூடிய அளவைப் பாருங்கள்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது மருந்து என்று தெரியாமல் போய்விடும்.

நான்காவது, ஸ்கேனரைப் பிடித்திருப்பவரிடம் கேளுங்கள். எத்தனை மணிக்கு, எந்த மூலையில், மழையா வெயிலா, லொறி நின்றதா என்று அவருக்குத் தெரிந்தது கொழும்பிலுள்ள எந்தக் கருவிக்கும் தெரியாது. அந்தத் தம்பி முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்புப் படித்தவர் சொன்ன 'மெஷின் ஸ்லோ' என்ற வார்த்தையைவிட, என் சராசரி எல்லோருக்கும் பெரிதாகத் தெரிந்தது. எனக்கும்தான்.

செய்தியொன்று வந்தால் விசாரித்துத் தெளிய வேண்டும், ஊகத்தில் நடக்கக் கூடாது என்பதை நாம் சிறு வயதில் குர்ஆன் மத்ரஸாவிலேயே கேட்டிருக்கிறோம். ஸூரத்துல் ஹுஜுராத் பற்றிய பயான் இல்லாத பள்ளி நமது ஊர்களில் இல்லை. கண் கொண்டு பார்த்த செய்திக்குத்தான் அது பொருந்தும், கணினி தந்த எண்ணுக்குப் பொருந்தாது என்று நான் எங்கேயோ நினைத்திருக்க வேண்டும். எண்ணும் ஒரு செய்திதான். யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எங்கே நின்று எடுத்தது என்று கேட்கப்பட வேண்டிய செய்தி.

புறப்படுவதற்கு முன் அந்த அறிக்கையை வாபஸ் வாங்கிப் புதிதாக ஒன்று எழுதினேன். என் கெமரா அமைப்பையும், இரவுப் பிங்கையும் அதில் மறைக்கவில்லை. அந்தத் தம்பி இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார். பெருநாளன்று எடுத்து ஸலாம் சொல்லிவிட்டு, "இப்ப அமத்தின கையோட வருது காக்கா" என்றார்.